கால் எரியுதுடா மச்சான்!

ராத்திரி ரெண்டு மணி. ரூம்மேட் பக்கெட் தண்ணியில காலை விட்டு உட்கார்ந்திருக்கான். 'பாண்டி பீச் ரோட்ல மத்தியானம் வெறுங்காலோட நடந்தியா?'ன்னு கலாய்ச்சோம். மூணு வாரமாகியும் எரிச்சல் நிக்கலை.

தேடிப் பார்த்தா, நம்ம சேலத்துக்காரர் டாக்டர் சி.கோபாலன் 1946-லேயே பாத எரிச்சல் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கார்! சத்தில்லாத சாப்பாட்டில் வாழ்ந்தவர்களுக்கு பான்டோதெனிக் அமிலம் (அதுவும் பி வைட்டமின்தான்) கொடுத்ததும் எரிச்சல் தணிந்ததாம். 1826-ல் பர்மாவில் இதைப் பதிவு செய்த கிரியர்சனையும் சேர்த்து, 'கிரியர்சன்-கோபாலன் சிண்ட்ரோம்' என்கிறார்கள்.

இப்போ டாக்டர்கள் முதலில் பார்ப்பது சர்க்கரையும் பி12-ம். நம்மாளுக்கு பி12 ரொம்பக் கம்மி. சுத்த சைவம், பால்னா டீயில விடுறது மட்டும்தான். இன்னும் விட்டிருந்தா நரம்பு நிரந்தரமா பாதிச்சிருக்கும்னார் டாக்டர். பய இப்போ ஊசி போட்டுக்கிறான். பக்கெட் மட்டும் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கு.