மன்னிப்பது வேறு, மனுவைத் திரும்பப் பெறுவது வேறு

கை நீட்டிய கணவன் மறுநாள் அழுவான். "அவனே இறங்கி வந்துட்டான், நீயும் மறந்துட்டுக் குடும்பம் நடத்தும்மா" என்று பெரியவர்கள் பேசி அனுப்புவார்கள். மன்னிக்க மறுத்தால் கல்நெஞ்சக்காரி. இந்த அவசர மன்னிப்பால் நிம்மதி அடைவது பெரும்பாலும் பஞ்சாயத்து பேசியவர்கள்தான்.

மனக்கசப்பை இறக்கிவைத்தால் பதற்றமும் மனச்சோர்வும் குறையும் என்று ஆய்வுகள் சொல்வது உண்மையே. ஆனால், மன்னிப்பை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் என்ரைட், மன்னிப்பையும் மீண்டும் சேர்வதையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது என்கிறார். மன்னிப்பு ஒருவர் தனக்குள் செய்வது. சேர்ந்து வாழ எதிராளியும் மாற வேண்டும். கோபமே படாமலிருப்பதைப் பக்குவம் என்பார்கள்; ஆனால் அது உணர்வுசார் நுண்ணறிவு அல்ல. 1990-இல் அந்த நுண்ணறிவை வரையறுத்த உளவியலாளர்கள் சலோவியும் மேயரும், உணர்வு தரும் தகவலைக் கொண்டு முடிவெடுக்கும் திறனையே அப்படி அழைத்தார்கள். அடி நிற்காத வீட்டில் கோபமும் பயமும் சொல்லும் தகவல் ஒன்றுதான்: இங்கே ஆபத்து இருக்கிறது.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் பார்ப்பதில்லை. இழிவாகப் பேசுவது, குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று குத்திக்காட்டுவது ஆகியவையும் வன்முறையே. வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. மாவட்டத்தின் பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுத்துப் பாதுகாப்பு உத்தரவு பெறலாம். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பலருக்கும் தெரியாத ஒன்று: நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனைக்கும் இந்தச் சட்டத்தின் 2006-ஆம் ஆண்டு விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. "அவ எதிர்த்துப் பேசினா, அதான் அடிச்சேன்" என்று கணவன் அங்கே நியாயம் பேச முடியாது. இனி வன்முறை செய்யமாட்டேன் என்று அவன் உறுதிமொழி தர வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் இந்த இரண்டும் கிடைக்குமா?

சமாதானத் தாளில் கையெழுத்திடும் முன் சட்ட உதவி எண்ணான 15100-ஐ அழையுங்கள்; பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், சட்ட உதவி இலவசம். உடனடி ஆபத்து என்றால் 181 அல்லது 112. தூக்கமில்லை, அழுகை அடங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மன்னிப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு, பத்திரமான இடத்தில் இருந்துகொண்டு, நீங்களே முடிவு செய்யுங்கள்.