உப்பளத்தில் ஒரு விஞ்ஞான வகுப்பு!

உப்பு எப்படி விளைகிறது?

மரக்காணம் கடற்கரையில் எந்தச் சிறுவனிடம் கேட்டாலும் உடனே பதில் சொல்வான். பாத்தியில் உப்புத் தண்ணீரைத் தேக்க வேண்டும், வெயிலில் தண்ணீர் வற்றும், உப்பு பூக்கும்!

"கிரிஸ்டலைசேஷன் என்றால் என்ன?" என்று அதே சிறுவனிடம் கேளுங்கள். விழிப்பான்!

இத்தனைக்கும், அவன் சொன்ன பதிலுக்கு ஆங்கிலப் பெயர்தான் அது.

இரட்டைச் சுமை

தமிழ்நாட்டு அரசு பள்ளிக்கூடங்களில் 2012-13ம் ஆண்டில் ஆங்கில வழி வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். வீட்டில் பேசுவதோ தமிழ்! விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே மணி நேரத்தில் அவர்கள் கற்க வேண்டும்.

சொல் புரியாமல் வாய் மூடி இருக்கும் பிள்ளையை, சிலர் "மக்கு" என்று முடிவு கட்டி விடுகிறார்கள். படிப்பே நின்று போகவும் இது காரணம் ஆகலாம்.

பாத்தியே பாடம்

இதற்கு வழி என்ன? பொருளை முதலில் காட்ட வேண்டும். பெயரைப் பிறகு சொல்ல வேண்டும்.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகப் போகிறது. இது "எவாப்பரேஷன்". தண்ணீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக வற்றியதும், அதற்கு மேல் உப்பைக் கரைத்து வைத்திருக்க அதனால் முடியாது. இது "சேச்சுரேஷன்". பிறகு உப்பு மணி மணியாகப் பிரிகிறது. இதுதான் "கிரிஸ்டலைசேஷன்"!

"பாஸில்" என்ற சொல்லும் அப்படித்தான். வானூர் வட்டம் திருவக்கரையில், பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லாக மாறிய மரங்கள் கிடக்கின்றன. அந்தக் கல்மரத்தைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சொல் மறக்குமா?

டாக்டர் கிரீன்

தாய்மொழியின் பலத்தை அன்றே உணர்ந்தவர், அமெரிக்க டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன். இவர் 1847ல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். அதற்காகத் தமிழ் கற்று, மருத்துவ நூல்களையும் தமிழில் கொண்டு வந்தார். அவரிடம் படித்த தமிழ் இளைஞர்கள் டாக்டர்கள் ஆனார்கள்!

பெற்றோர் செய்யக்கூடியது

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் பிள்ளைக்கு உதவலாம். அன்று படித்த பாடத்தை, மாலையில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தடங்கல் இல்லாமல் சொன்னால், பாடம் புரிந்து விட்டது என்று அர்த்தம். தடுமாறினால், அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனையும் செய்யலாம். ஒரு தம்ளர் தண்ணீரில், கரையும் மட்டும் உப்பைப் போடுங்கள். தெளிந்த நீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். தண்ணீர் வற்றியதும் தட்டில் உப்பு மின்னும்.

அதன் ஆங்கிலப் பெயரை உங்கள் பிள்ளை சொல்லட்டும்!