குழந்தைகளும் குன்றேற்றமும்

சென்ற மாசி மாதத்தில் கருங்குழியிலுள்ள நம் உறவினர் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, அவ்வீட்டுக் குழந்தைகளும் நம்முடையவர்களுமாக ஆறு பேரைத் திருக்கழுக்குன்றத்து மலைக்கு அழைத்துச் சென்றோம். ஏழு வயது முதல் பதின்மூன்று வயது வரையிலான அக்குழந்தைகள் ரயிலில் செங்கற்பட்டிற்கும், அங்கிருந்து பஸ்ஸில் மலையடிவாரத்திற்கும் வந்தனர். இதைக் கேள்வியுற்ற நண்பரொருவர், “பிள்ளைகளை மலைமேல் ஏற்றுவது வினையை விலைக்கு வாங்குவதாகும், சட்டம் படித்த தாங்களே இப்படிச் செய்யலாமா?” என்று நம்மைக் கடிந்துகொண்டார். அவர் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. அது அவருடைய வாதம் மட்டுமன்று. இன்று நம் நாட்டுப் பெற்றோரில் பெரும்பாலோருடைய வாதமும் அதுவேயாகும்.

நண்பர் தம் கட்சிக்கு எடுத்துக்காட்டிய சாட்சியம் குரங்கணி. 2018-ம் வருஷம் மார்ச்சு 11-ந் தேதி, தேனி ஜில்லாவில் அம்மலைப் பக்கம் நடைப்பயணம் சென்று இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரத்தை நினைந்து கலங்காத நெஞ்சம் இல்லை. ஆயினும், அங்கே குற்றவாளி மலையா என்று கேட்கிறோம். கோடையின் தொடக்கம், காய்ந்து சருகான புல், பலத்த காற்று. இவற்றின் நடுவே இடமறியாத ஒரு கூட்டம் சிக்கிக்கொண்டது. காலமும், இடமறிந்த வழிகாட்டியும், உரியவர்களின் அனுமதியும் இன்றியமையாதவை என்பதே இதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம். சர்க்காரும் அப்பாடத்தையே கற்றது. மலையை மூடிவிடாமல், அவ்வருஷமே மலை நடைக்கென விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில், வனத்துறையின் மேற்பார்வையில் 40 வழிகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஆற்றில் படகு கவிழ்ந்ததென்று நீந்தக் கற்பதை நிறுத்துவார் உண்டோ?

நம்முடைய பக்கத்திலும் குற்றம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். காலையுணவில் காலங் கடத்தி, வெயில் ஏறிய பிறகே படியேறத் தொடங்கினோம். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள், செருப்பில்லாத பாதங்கள், கருங்கல்லோ சுடத் தொடங்கிவிட்டது. மூத்த பையன்களின் உற்சாகத்தில் நாமும் சிறு பிள்ளையாகி, அவர்களோடு விரைந்து ஏறினோம். பாதி மலையில் திரும்பிப் பார்க்கையில், ஏழு வயதுக் குழந்தையைக் காணவில்லை! நெஞ்சு படபடக்க எண்பது படிகள் கீழே ஓடினோம். அக்குழந்தை ஒரு மண்டபத்து நிழலில், கிழவியொருத்தி தந்த மோரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. “அப்பா, நீங்கள் ஏன் ஓடிப்போனீர்கள்?” என்ற அதன் கேள்விக்கு நம்மிடம் பதிலில்லை. அதன் பிறகு கடைசிக் குழந்தையை முதலில் நடக்கவிட்டு, அதன் காலடிக்கு ஏற்ப எல்லோரும் ஏறினோம். நாம் கடைசியில் வந்தோம். மலையேற்றத்தின் முதல் விதியை அன்றைக்கு நமக்குக் கற்பித்தது அக்குழந்தையே.

உச்சியை அடைந்ததும் அவர்கள் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை எப்படி எழுதுவது! கீழே சங்கு தீர்த்தம். பக்தவத்சலர் கோயிலின் கோபுரங்கள். தெற்கே பாலாற்றுப் படுகை. எங்கு நோக்கினும் ஏரிகள். பள்ளிக்கூடத்தில் படமாகப் பார்த்த ஜில்லா கண்முன் விரிந்து கிடந்தது. 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கருகே சுமார் ஏழரை மைல் அடிக்கோடு அளந்து, உச்சிக்கு உச்சி முக்கோணம் இழுத்து இந்நாட்டை அளக்கத் தொடங்கிய கதையை அங்கேதான் சொன்னோம். அரை டன் எடையுள்ள கருவியைக் குன்றுகளின்மேல் சுமந்தவர்கள் நம் நாட்டுக் கூலியாட்களே என்பதையும் சொன்னோம்.

பிறகு ஒரு சிறுமி கேட்டாள்: “கழுகுகள் எப்போது வரும்?”

ஊருக்கே பெயர் தந்த பறவைகள் அவை. நடுப்பகலில் கோயிலார் பொங்கல் படைக்க, இரண்டு பறவைகள் வந்து உண்டு செல்லும். காசிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே பறக்கும் ரிஷிகள் என்று நம் முன்னோர் அவற்றைப் போற்றினர்; மஞ்சள்முகப் பாறு என்று பறவை நூலார் கூறுவர். 1990-களுக்குப் பிறகு அவை வருவதில்லை. அதே காலத்தில் தேசமெங்கும் பாறுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. மாடுகளின் வலி தீர்க்கக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றதென ஆராய்ச்சியாளர் கண்டனர். 2006-ல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. இதைக் கேட்ட குழந்தைகள் வெறும் வானத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தனர். இந்த இழப்பை எந்தப் பாடப் புத்தகம் இவ்வளவு ஆழமாக உணர்த்தக்கூடும்?

உச்சி ஏறுவது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று சிலர் எண்ணுகின்றனர். தெலுங்கானத்தில் ஏழைப் பழங்குடிக் குடும்பத்திற் பிறந்து, சர்க்கார் விடுதிப் பள்ளியில் படித்த பூர்ணா மாலாவத், 2014 மே 25-ந் தேதி, பதினான்கு வயது நிரம்புமுன் எவரெஸ்டு உச்சியில் நின்றாள். அவள் முதலில் ஏறப் பழகியது புவனகிரிப் பாறைக்குன்றில். அத்தகைய குன்றுகளுக்கு நம் ஜில்லாவில் பஞ்சமில்லை. எல்லாக் குழந்தைகளும் எவரெஸ்டு ஏறவேண்டுமென நாம் கூறவில்லை. அவ்வளவு இளவயதில் அது தகுமா என்பதே விவாதத்திற்குரியது. நேபாளம் தன் பக்கத்தில் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிப்பதில்லை. நாம் கோருவது ஐந்நூறு அடிக் குன்று மட்டுமே.

ஒவ்வொரு பள்ளிக்கூடமும் வருஷத்திற்கு ஒருமுறையேனும் மார்கழி, தை மாதங்களில் தன் மாணவரைப் பக்கத்துக் குன்றுக்கு அழைத்துச் செல்லவேண்டும். விடியற்காலையில் புறப்படுவது, போதிய தண்ணீர் கொண்டு செல்வது, மெல்ல நடக்கும் குழந்தையை முன்னே விடுவது, பொறுப்புள்ள ஒருவர் கடைசியில் வருவது, காட்டுப் பகுதியாயின் அனுமதியும் வழிகாட்டியும் பெறுவது ஆகிய இவ்வளவே வேண்டியவை. இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பெரியோரின் கவனமே வேண்டும்.

இறங்கும்போது அந்த ஏழு வயதுக் குழந்தை நம் விரலைப் பற்றிக்கொள்ள மறுத்துவிட்டது. “நான் ஏறினேன், நானே இறங்குவேன்” என்றது. நண்பருடைய கேள்விக்கு நாம் சொல்லக்கூடிய பதில் அதுவே. அவரும் தம் பிள்ளைகளோடு ஒருநாள் அம்மலைக்குச் சென்று வருவாராக.