முதுமை மறதி நோயும் மருத்துவமனைப் படுக்கையும்

“வயசானா மறதி வரத்தான் செய்யும்” என்று சொல்லிச் சொல்லியே எங்கள் வீட்டில் மூன்று ஆண்டுகளைக் கடத்திவிட்டோம்.

என் பாட்டி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். தோட்டம் விற்கப்பட்டு லயங்கள் இடிக்கப்பட்ட பின், ஈப்போவில் உள்ள எங்கள் தாமான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளில், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, “பிரட்டுக்கு நேரமாச்சு, தண்டல் பேரு கூப்பிடுவாரு” என்று வாசற்கதவைத் திறக்க முயலத் தொடங்கினார். நாங்கள் சிரித்தோம். அது நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஒரே ஆண்டில் மூன்று முறை அவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. முதல் முறை நிமோனியா. இரண்டாம் முறை குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவு. மூன்றாம் முறை சிறுநீர்ப் பாதையில் கிருமித்தொற்று. மூன்றில் ஒன்றுகூட மறதிக்காக அல்ல. ஆனால் மூன்றுக்கும் மறதி நோயோடு தொடர்பு உண்டு என்பதைப் பின்னால்தான் அறிந்துகொண்டேன்.

மறதியா, நோயா?

டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோய், முதுமையின் இயல்பான மறதி அன்று. மூளையின் உயிரணுக்கள் படிப்படியாகச் சிதைவதால் நினைவும், பகுத்தறியும் ஆற்றலும், அன்றாட வேலைகளைச் செய்யும் திறனும் குறைகின்றன. இதன் முதன்மையான வகையை 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர் விவரித்தார். பெரும்பாலும் புதிய நினைவுகளே முதலில் அழிகின்றன. பழையவை நெடுநாள் தங்குகின்றன. காலையில் பசியாறியதை மறந்த பாட்டிக்குப் பிரட்டு நேரம் மறக்காததற்குக் காரணம் இதுவே.

மலேசியாவில் 2018இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, 60 வயதைக் கடந்தோரில் 8.5 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கக்கூடும். ஏறத்தாழப் பன்னிரண்டு பேரில் ஒருவர்.

ஏன் அடிக்கடி மருத்துவமனை?

அமெரிக்காவின் சியாட்டல் வட்டாரத்தில் 3,019 முதியோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2012இல் ஜாமா மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர்களுள் டிமென்ஷியா கண்ட 494 பேரில் 86 விழுக்காட்டினர் ஒரு முறையேனும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மற்றவர்களில் 59 விழுக்காட்டினரே. வயது, பிற நோய்கள் ஆகியவற்றின் பாதிப்பைக் கழித்துப் பார்த்தபோதும் வேறுபாடு நீடித்தது. முன்கூட்டியே கவனித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சேர்க்கைகள் 1.78 மடங்காக இருந்தன. அவற்றில் மூன்றில் இரு பங்குக்கு நிமோனியா, இருதயச் செயலிழப்பு, சிறுநீர்ப் பாதைத் தொற்று ஆகிய மூன்றுமே காரணம்.

காரணம் எளிது. நோயாளிக்கு வலியைச் சொல்லத் தெரிவதில்லை. தாகம் எடுத்தாலும் கேட்பதில்லை. மருந்தை மறக்கிறார், அல்லது இரு முறை உண்கிறார். நோய் முற்றும்போது விழுங்குவது தடுமாறி, உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வருகிறது. நடை தளர்ந்து விழுகிறார். சின்னக் கோளாறு, பெரிதான பிறகே வீட்டாருக்குத் தெரிகிறது.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பாட்டி படுக்கையை நனைக்கிறார் என்று மாலைக்கு மேல் தண்ணீர் கொடுப்பதைக் குறைத்தவன் நான்தான். அது அக்கறை என்று நினைத்தேன். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்றுக்கு வழி திறக்கும் என்று மருத்துவர் விளக்கியபோது தலை நிமிர முடியவில்லை.

படுக்கையில் நேர்வது

மருத்துவமனை உயிரைக் காக்கிறது. ஆயினும் இந்நோயாளிகளுக்கு அது அந்நியமான இடம். தொற்று, தூக்கமின்மை, புதிய மருந்து ஆகியவை சேர்ந்து ‘டெலிரியம்’ எனும் திடீர்க் குழப்பநிலையைத் தூண்டும். பாட்டி அன்றிரவு கையிலிருந்த ஊசிக்குழாயைப் பிடுங்கிவிட்டார். காலையில் நான் போனபோது கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். தாதியர் மலாயில் கேட்டதற்குப் பாட்டி பதில் சொல்லவில்லை. சந்தை மலாய் பேசியவர்தான். ஆனால் பின்னால் கற்ற மொழி பலருக்கு முன்னால் நழுவிவிடுகிறது. பள்ளிக்கே போகாதவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொல்லும் நினைவுச் சோதனையும் உண்மையைக் காட்டாது. வீட்டார் அருகிலிருந்து அவருடைய பழைய நிலையைச் சொல்ல வேண்டும்.

குழப்பநிலையைத் தடுக்க முடியும். 1999இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், முதிய நோயாளிகளுக்கு நேரமும் இடமும் நினைவூட்டி, நடக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, மூக்குக்கண்ணாடியும் செவிக்கருவியும் அணிவித்தபோது, டெலிரியம் 15 விழுக்காட்டிலிருந்து 9.9 விழுக்காட்டுக்குக் குறைந்தது. இவற்றுள் எதற்கும் பட்டம் தேவையில்லை.

நாம் செய்யக்கூடியவை

பகலெல்லாம் சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுங்கள். கழிவறைக்கு நேரம் வைத்து அழைத்துச் செல்லுங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். நேற்று வரை இல்லாத குழப்பமோ சோர்வோ இன்று வந்தால், “மறதி முற்றிவிட்டது” என்று எண்ணாமல் அன்றே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவமனையில் சேர்த்தால், அவர் எந்தப் பெயருக்குத் திரும்புவார், என்ன மொழி பேசுவார், என்ன உண்பார், வலித்தால் என்ன செய்வார் என்பதை மலாயில் ஒரு தாளில் எழுதித் தாதியரிடம் கொடுங்கள். இயன்றவரை ஒருவர் இரவில் உடனிருங்கள்.

நம்மவர் பலர் பரிசோதனைக்கே தயங்குகின்றனர். ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டது முதல், பேராக்கில் அவ்வூர்ப் பெயரே ஏச்சாகிவிட்டது. “பாட்டியைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கா அனுப்பப் போறீங்க?” என்று எங்கள் உறவினரும் கேட்டார். டிமென்ஷியா பைத்தியம் அன்று. மூளையைத் தாக்கும் நோய்.

பாட்டி இப்போது என்னைத் தன் தம்பி என்றே நினைக்கிறார். நான்கு மணிக்கு எழுந்தால் நாங்கள் சிரிப்பதில்லை. “இன்னிக்கு மழை, பிரட்டு இல்ல பாட்டி” என்று சொல்லி ஒரு குவளை வெந்நீர் கொடுக்கிறேன். குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

தோழர்களே, அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது உங்கள் தாத்தா பாட்டி அருகில் சற்று உட்காருங்கள். இன்று எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள் என்று கேளுங்கள்.