நெல்லிப் பொடியும் பி1 ஊசியும்

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்து வாங்க வருபவர்களில் சிலர், வீட்டுக்காரரின் குடியை மனத்தில் வைத்தே நெல்லிப் பொடியும் வல்லாரையும் கேட்கிறார்கள். மூளை கெடாமல் காக்குமாம்.

முழுப் பொய்யில்லை. மது உடலில் சிதையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சும், செல்களைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் உண்டாகின்றன. தாவரப் பொருள்களில், மஞ்சளில் உள்ள குர்குமினும் திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ராலும் எலிகளின் மூளையில் இந்தச் சேதத்தைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. குடிக்கிற மனிதருக்கு அப்படிக் காக்கும் என்று நிரூபணமில்லை. குர்குமின் குடலில் உறிஞ்சப்படுவதே சொற்பம். அதற்காக மிளகுச் சத்து சேர்த்து விற்கும் வீரிய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. ஏற்கெனவே கல்லீரல் நொந்தவருக்கு இது தேவையா? ரசத்தில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

உண்மையில் குடிப்பவரின் மூளையைக் காப்பாற்றக்கூடியது விலை மலிந்த தயமின், அதாவது வைட்டமின் பி1. குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டதிலிருந்தும் தயமினை உடல் ஏற்பதை மது தடுக்கிறது. அது தீர்ந்தால் நடை தள்ளாடும், கண்கள் ஒழுங்காக அசையாது, பேச்சு குழம்பும். ‘இன்னும் போதை தெளியலை’ என்று வீட்டில் படுக்க வைத்துவிடுவார்கள். இரண்டு நாளாகக் குடிக்காதவருக்கு ஏது போதை? வெர்னிக்கி நோயாக இருக்கலாம். உடனே பார்க்காவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடலாம்.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது: “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி விடுங்க சார்.” தயமின் இல்லாத உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் இந்த நோய் முற்றலாம். பி1 ஊசி முன்னதாகவோ கூடவோ போக வேண்டும். சர்க்கரை ஆபத்தாக இறங்கியிருந்தால் குளுக்கோஸைத் தாமதிக்கவும் கூடாது. ஆள் குடிப்பவர் என்பதைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தினமும் குடிப்பவர் சபதம் போட்டு ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. முதல் சில நாள்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். அதைவிட மோசம், சாம்பாரில் தெரியாமல் கலக்கும் ‘குடிநிறுத்தப் பொடி’. அதில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்து, அவர் குடித்தும் விட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தப் பொடியானாலும், மூளைக் கோளாறைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் தரலாம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலப் பாதிப்புகளையும் சேர்த்துக்கொள்கிறது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை கேட்பது சலுகையல்ல, உரிமை. மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தனியார் மறுவாழ்வு மையம் என்றால் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்தில் 28 பேர் இறந்தது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால்தான். இன்று யாரையும் சங்கிலியால் கட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. அடி, பூட்டு என்று கேள்விப்பட்டால் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு எழுதலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14446 அல்லது 14416ஐ அழைக்கலாம், கட்டணமில்லை.