பெயரில் விரியன், குடும்பத்தில் நாகம்

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வடநெம்மேலி முதலைப் பண்ணை இருக்கிறது. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்த வளாகத்தில்தான் இயங்குகிறது. அங்கே வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகளில் நான்கு வகைப் பாம்புகளை வைத்திருக்கிறார்கள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். விஷம் எடுத்தபின் அவற்றைப் பழையபடி வெளியில் விட்டுவிடுகிறார்கள்.

இந்த நான்கையும் இனம் பிரிக்கச் சொன்னால், நல்ல பாம்பைத் தனியே வைத்து, மூன்று விரியன்களை ஒன்றாகச் சேர்ப்போம். உயிரியலாளர் இரண்டிரண்டாகப் பிரிப்பார். கட்டுவிரியனை நல்ல பாம்போடுதான் சேர்ப்பார்.

ஏன்? முதலில் பல்லைப் பாருங்கள். கண்ணாடி விரியனுக்கும் சுருட்டைக்கும் நச்சுப்பல் நீளமானது. வாயை மூடும்போது மடிந்துகொள்ளும். கட்டுவிரியனின் நச்சுப்பல்லோ, நல்ல பாம்பினுடையதைப் போலவே குட்டையானது, மடங்காது. அடுத்து செதில். முன்னவை இரண்டுக்கும் தலையில் பொடிச் செதில்கள், உடலில் சொரசொரப்பு. பின்னவை இரண்டுக்கும் தலையில் அகன்ற தகடுகள், உடலில் வழுவழுப்பு. முன்னவை குட்டி போடும், பின்னவை முட்டையிடும்.

ஒரே ஓர் அடையாளத்தை நம்பினால் ஏமாறலாம். பல அடையாளங்கள் ஒன்றாகப் பொருந்தி வந்தால் அதற்குப் பின்னால் பொதுவான ஒரு மூதாதை இருக்க வாய்ப்பு அதிகம். இன்று மரபணுவையும் ஒப்பிட்டு அதைச் சரிபார்க்கிறார்கள். இப்படிக் கண்ட உறவைத்தான் சிற்றினம், பேரினம், குடும்பம், வரிசை, வகுப்பு, தொகுதி, உலகம் என்று படிப்படியாக அடுக்குகிறார்கள். மேலே உலகத்திலிருந்து இறங்கி வந்தால், நான்கு பாம்புகளும் வரிசை வரை ஒன்றுதான், குடும்பத்தில் பிரிகின்றன. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் எலாப்பிடே. மற்ற இரண்டும் வைப்பரிடே.

இந்த அடுக்கு கல்லில் செதுக்கியதல்ல. 1758-ல் உயிரியலாளர் லின்னேயஸ் நல்ல பாம்பை 'கொலுபர்' என்ற பேரினத்தில் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைப் பிரித்து 'நாஜா' என்ற தனிப் பேரினமாக்கினார்கள். நம் 'நாகம்' என்ற சொல்லின் உறவு அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இந்தப் பாகுபாடு உயிரையும் காக்கும். கண்ணாடி விரியன் கடித்தால் கடிவாய் வீங்கி வலிக்கும். ரத்தம் உறையாமல் போகும். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் தூங்குபவர்களைக் கடிக்கிறது. வீக்கம் இருக்காது, வலியும் அவ்வளவாகத் தெரியாது. சில மணி நேரத்தில் இமைகள் சரியும், பிறகு மூச்சு திணறும். நரம்பைத் தாக்கும் நாகக் குடும்பத்து விஷம் அது. விரியன் கடித்தால் வீங்குமே, வீக்கம் இல்லையே என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.