சின்னக் கேமராவுக்கு ஏற்ற உறை

நான் மும்பையில் வசிக்கிறேன். எங்கள் பகுதியில் மாலை நேரத்தில் எழுத்தறிவு மையம் நடக்கிறது. அங்கே நான் தொண்டராக இருக்கிறேன்.

எங்கள் மையத்துக்கு ஓர் அக்கா வருகிறார். அவரிடம் ஒரு சின்னக் கேமரா இருக்கிறது. கையில் அடங்கும் கேமரா. சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, பழைய கேமராவாக வாங்கினார். பிறந்த நாள், காதுகுத்து, வளைகாப்பு என்று வீட்டு விசேஷங்களுக்குப் படம் எடுத்துத் தருவார். அதில் கொஞ்சம் வருமானம் வந்தது.

இப்போது பலர் கைபேசியிலேயே படம் எடுக்கிறார்கள். ஆனாலும் சின்னக் கேமராவைக் கொண்டு வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். அக்காவும் அப்படித்தான்.

ஒரு நாள் அவர் காதுகுத்து வீட்டுக்கு லோக்கல் ரயிலில் போனார். கேமராவைத் துணிப்பையில் போட்டிருந்தார். அதே பையில் சாவிக்கொத்து, தண்ணீர் பாட்டில், சில்லறைக் காசு எல்லாம் இருந்தன. ரயிலில் நல்ல கூட்டம். பை நெரிபட்டது.

விசேஷ வீட்டில் கேமராவை வெளியே எடுத்தார். லென்ஸ் பாதி வெளியே வந்து நின்றது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை.

கேமராவைப் பழுது பார்க்கலாம். அந்தக் குழந்தைக்குக் காது குத்திய நேரம் திரும்ப வருமா?

"ஏன் அக்கா, கேமராவுக்கு உறை இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு தம்பி. ரொம்பப் பெரிசு. தூக்கிட்டுப் போகக் கஷ்டமா இருக்குன்னு வீட்டிலேயே வச்சுட்டேன்" என்றார்.

வீட்டில் இருக்கும் உறையால் என்ன பயன்? எப்போதும் கூடவே வரும் உறைதான் நல்ல உறை. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது? வாருங்கள், பார்ப்போம்.

கேமராவுக்கு நான்கு ஆபத்துகள்

முதலாவது, கீழே விழுவது. இரண்டாவது, அழுத்தம். மூன்றாவது, தூசி. நான்காவது, ஈரம்.

அக்காவின் கேமராவைக் கெடுத்தது அழுத்தம். பைக்குள் ஏதோ ஒன்று பட்டனை அழுத்திவிட்டது. கேமரா தானாக ஓடத் தொடங்கியது. லென்ஸ் வெளியே வரப் பார்த்தது. இடம் இல்லாததால் பாதியில் சிக்கிக்கொண்டது. லென்ஸைத் தள்ளும் பற்சக்கரங்கள் மிகச் சிறியவை. அவற்றால் நெருக்கடியைத் தாங்க முடியாது.

தூசியும் மணலும் லென்ஸ் மூடிக்குள் புகுந்தால் அது சரியாகத் திறக்காது. ஈரம் பட்டால் உள்ளே இருக்கும் மின் பாகங்கள் கெடும்.

உங்கள் கேமராவுக்கு எது பெரிய ஆபத்து? கூட்டமா? மழையா? மண் சாலையா? முதலில் இதை யோசியுங்கள்.

அளவு பாருங்கள்

கடைக்குப் போகும் முன் கேமராவை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். லென்ஸ் உள்ளே இருக்கும்போது அளக்க வேண்டும். நீளம், உயரம், கனம் மூன்றும் வேண்டும். உதாரணமாக 10 செ.மீ. நீளம், 6 செ.மீ. உயரம், 3 செ.மீ. கனம்.

உறையின் வெளிப்பக்க அளவை நம்பாதீர்கள். உட்பக்க அளவுதான் முக்கியம். உறை பெரிதாக இருந்தால் கேமரா உள்ளே ஆடும். மிகவும் இறுக்கமாக இருந்தால் பட்டன் அழுந்தும். கேமரா ஆடாமலும் அழுந்தாமலும் இருக்க வேண்டும்.

எந்த உறை நல்லது?

பஞ்சு வைத்த நைலான் உறை: எடை குறைவு. விழுந்தால் அடி தாங்கும். சாரல் மழையை ஓரளவு தடுக்கும். நெரிசலை முழுவதும் தடுக்காது.

கெட்டியான உறை: நெரிசலைத் தாங்கும். ஆனால் உள்ளே மெத்தென்ற துணி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேமராவில் கீறல் விழும்.

இழுபடும் ரப்பர் துணி உறை: சட்டைப் பையிலும் அடங்கும். கீறலைத் தடுக்கும். பலத்த அடியைத் தாங்காது.

தோல் உறை: பார்க்க அழகு. நெடுநாள் உழைக்கும். ஆனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கும் அதிகமாக மழை பெய்யும் ஊர் இது.

தாராவியில் தோல் பைகள் தைக்கும் பட்டறைகள் நிறைய உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அக்காவும் நானும் அங்கே ஒரு பட்டறைக்குப் போனோம்.

"அண்ணே, தோல் உறை மழைக்குத் தாங்குமா?" என்று அக்கா கேட்டார்.

"தோல் நனைஞ்சா காய நேரமாகும் தங்கச்சி. மழையில போறவங்களுக்கு நைலான்தான் நல்லது" என்றார் தையல்காரர்.

தோல் விற்பவரே இப்படிச் சொன்னார். விலை கூடியது எல்லாம் நமக்கு ஏற்றது ஆகாது.

கடையில் சோதித்துப் பாருங்கள்

கேமராவைக் கையோடு கொண்டுபோங்கள். உறைக்குள் வைத்து மூடுங்கள். பிறகு இவற்றைச் செய்து பாருங்கள்.

1. தலைகீழாகப் பிடியுங்கள். கேமரா நழுவக் கூடாது.

2. வெளியிலிருந்து விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பட்டன் இருக்கும் இடம் கெட்டியாக இருக்க வேண்டும்.

3. ஜிப்பைத் திறந்து மூடுங்கள். உலோகப் பற்கள் கேமராவில் உரசக் கூடாது. ஜிப்புக்கு உட்புறம் துணிப் பட்டை இருந்தால் நல்லது.

4. பெல்ட் மாட்டும் பட்டையை இழுத்துப் பாருங்கள். ஒட்டும் பட்டையை விட, தைத்த பட்டையே உறுதி.

5. ஒரே கையால் கேமராவை வெளியே எடுங்கள். சிரமமாக இருந்தால் அந்த உறையை நாளடைவில் வீட்டில் விட்டுவிடுவீர்கள்.

மாற்று பேட்டரிக்குத் தனிப் பை இருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரியைச் சில்லறைக் காசோடு போடக் கூடாது. காசு இரண்டு முனைகளிலும் பட்டால் பேட்டரி சூடாகும். தீப்பிடிக்கவும் கூடும்.

நீங்களே தைக்கலாம்

கடையில் ஏற்றது கிடைக்கவில்லையா? தையல் தெரிந்தவர்கள் வீட்டிலேயே தைக்கலாம்.

பழைய குடைத் துணி வெளிப்பக்கத்துக்கு. அரை செ.மீ. கனமுள்ள ஸ்பாஞ்சு நடுவில். மென்மையான பருத்தித் துணி உட்பக்கத்துக்கு.

கேமராவைச் செய்தித்தாளில் சுற்றி அளவு எடுங்கள். ஸ்பாஞ்சுக்கும் தையலுக்கும் சேர்த்துக் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். லென்ஸ் பக்கத்தில், ஸ்பாஞ்சுக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் தகடு வையுங்கள். பழைய டப்பா மூடியை வெட்டினால் போதும். அது நெரிசலைத் தாங்கும். மேல் மூடி, பட்டன்களையும் மறைத்து நன்றாகக் கீழே இறங்க வேண்டும்.

பலத்த மழை என்றால் கேமராவை முதலில் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பிறகு உறையில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் கவரை எடுத்துவிடுங்கள்.

வீட்டில் வைக்கும்போது

உறை வெளியே கொண்டுபோகத்தான். மாதக்கணக்கில் கேமராவை உறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். இருட்டும் ஈரமும் சேர்ந்தால் லென்ஸில் பூஞ்சை வளரும். படம் மங்கலாக விழும்.

இறுக மூடும் டப்பாவில் கேமராவை வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும். நீல நிற மணிகள் இளஞ்சிவப்பு ஆனால், இனி அவை ஈரத்தை உறிஞ்சாது என்று பொருள். பொட்டலத்தை மாற்ற வேண்டும். குழந்தைகள் கையில் அது கிடைக்கக் கூடாது.

நனைந்த உறையைத் தனியாகக் காய வையுங்கள். முழுவதும் காய்ந்த பிறகே கேமராவை அதில் வையுங்கள்.

அக்கா கேமராவைப் பழுது பார்த்துவிட்டார். கேட்ட கூலி, அதை வாங்கிய விலையில் பாதி. தகடு வைத்த நைலான் உறை ஒன்றை அவரே தைத்துக்கொண்டார். இப்போது அதை இடுப்பில் மாட்டாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. அடுத்த காதுகுத்துக்கு அழைப்பும் வந்துவிட்டது.

யோசித்துச் சொல்லுங்கள்

1. அக்காவின் கேமரா ஏன் கெட்டது?

2. மழைக்காலத்துக்கு எந்த உறை ஏற்றது? ஏன்?

3. உங்கள் வீட்டில் கேமராவோ கைபேசியோ இருக்கிறதா? அதன் நீளம், உயரம், கனம் மூன்றையும் அளந்து எழுதுங்கள்.